சங்குக்கும் தண்ணீருக்கும் நடுவே

மே 3, வெள்ளி

கல்: நாலு விரல். மூட்டம். கறுப்புப் பூச்சிக்கு இரண்டு மீன், பழுப்புக்கு ஒன்று. பெரியது பதினான்கு அங்குலம். திருப்பி விட்டாயிற்று.

பழைய நோட்டு தீர்ந்துவிட்டது. இது பன்னிரண்டாவது. தொலைந்தால் எடுத்தவர் கொண்டுவந்து கொடுக்கட்டும் என்று ஒவ்வொரு நோட்டிலும் முதல் பக்கத்தில் என்னைப் பற்றி எழுதி வைப்பேன். பெயர் பெனடிக்ட். வயது ஐம்பத்தாறு. கோரக்காடு அணைக்குக் கீழே ட்ரவுட் மீன் பிடிக்க வருகிற விருந்தினர்களுக்கு வழிகாட்டி. இருபத்தாறு வருடமாக இதே வேலை. மண்புழு, மாவு உருண்டை எல்லாம் என்னிடம் கிடையாது. கொக்கியில் கோழி இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டி, தண்ணீர்மேல் மிதக்கவிட்டு மீனை ஏமாற்றுவதுதான் என் வித்தை. மீனைத் தவிர வேறு யாரையும் ஏமாற்றியதில்லை. இந்த நோட்டுகளில் எந்த மீனுக்கும் அரை அங்குலம்கூடக் கூட்டி எழுதியதில்லை.

'கல்' என்றால் கரையோரம் நான் வெள்ளைக்கோடு போட்டு வைத்திருக்கும் பாறை. கோட்டுக்கு நாலு விரல் கீழே தண்ணீர் நின்றால் ஆறு சாது. கோட்டைத் தொட்டால் ஆற்றில் கால் வைக்கக்கூடாது.

அணையின் காலடியில் சின்ன மின்நிலையம் இருக்கிறது. ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரத்துக்கு மேலிருந்து உத்தரவு வரும். மிஷின் ஓடும், ஆற்றில் தண்ணீர் ஏறும். இத்தனை மணிக்கு என்று நிச்சயம் கிடையாது. அதனால்தான் சங்கு. ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக மூன்று முறை ஊதுவார்கள். மூன்றாவது சங்கு ஊதிப் பத்து நிமிடத்தில் நடுப்பாறைக்குத் தண்ணீர் வந்துவிடும். ஆக, முதல் சங்கிலிருந்து இருபது நிமிடம்.

அந்த இருபது நிமிடத்தில்தான் என் பிழைப்பே இருக்கிறது. முதல் சங்கு ஊதியதும் மிஷினைச் சரிபார்க்கக் கொஞ்சம் தண்ணீர் விடுவார்கள். ஒரு விரல்தான் ஏறும். அதற்கே கல்லுக்கு அடியில் கிடக்கிற புழு பூச்சியெல்லாம் கிளம்பிவிடும், ட்ரவுட்டுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். மற்ற வழிகாட்டிகள் சங்கு கேட்டதும் கரையேறுவார்கள். நான் சங்கு கேட்டபிறகுதான் விருந்தினரை நடுப்பாறையில் நிறுத்துவேன். மூன்றாவது சங்குக்கு முன் கரைக்குக் கூட்டி வந்துவிடுவேன். இதுவரை ஒருவருக்கும் முழங்காலுக்குமேல் நனைந்ததில்லை.

மே 9, வியாழன்

கல்: நாலு விரல். வெயில். சாயங்காலம் இருபது நிமிடத்தில் ஐந்து மீன். சென்னையிலிருந்து வந்த அப்பாவும் மகனும் என் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கு என்று குலுக்கினார்கள்.

சங்கின் தொண்டை கட்டிவிட்டது போலிருக்கிறது. முன்பெல்லாம் அது ஊதினால் நெஞ்சுக்குள் அதிரும். இப்போது ஊதியும் ஊதாததுமாக இருக்கிறது. நல்லவேளை, மின்நிலையத்தில் போஜராஜ் இருக்கிறான். ஆபரேட்டர். படுகர் வீட்டுப் பிள்ளை, என் வயதுதான். நான் ஆற்றில் இறங்கிய வருடத்தில்தான் அவனும் வேலைக்குச் சேர்ந்தான். சங்கை ஊதிவிட்டு இரும்புக் கம்பி போட்ட மாடத்துக்கு வந்து நின்று எனக்குக் கை ஆட்டுவான். நானும் ஆட்டுவேன். நான் ஆட்டுகிறவரை விடமாட்டான், மந்திரி ஊர்வலம் போகிற மாதிரி ஆட்டிக்கொண்டே நிற்பான். இரண்டு வருடமாகத்தான் இந்தப் புதுப் பழக்கம். வயதானால் பாசம் கூடிவிடுகிறது.

என் மனைவி ரோஸ்லினுக்கும் வயதாகிறது. டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கத்துகிறாள். முன்பு இப்படிக் கத்துகிற பெண்ணில்லை.

மே 11, சனி

கல்: மூன்று விரல். ஒன்றும் இல்லை.

மே 17, வெள்ளி

கல்: நாலு விரல். தூறல். இரண்டு.

மின்நிலையத்து வாசலில் புகார்ப் புத்தகம் தொங்குகிறது. 'சங்கு சரியாக ஊதவில்லை, கவனிக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போஜராஜ் பார்த்துக்கொண்டே நின்றான்.

"பெனடி, போன மாசந்தானே புதுச் சங்கு மாட்டினாங்க. மேக்கால எஸ்டேட் வரைக்கும் கேக்குது. அங்க மாடு கயித்தை அத்துக்கிட்டு ஓடுதுன்னு சண்டைக்கு வந்தாங்க."

"புதுசுன்னா நல்லதுன்னு அர்த்தமா? இப்பல்லாம் எதை ஒழுங்கா செய்யறான்?"

அவன் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். "அந்தப் புகாரை அடிச்சிடேன்," என்றான். நான் எதற்கு அடிக்க வேண்டும்? எனக்கென்ன பயமா?

மே 24, வெள்ளி

கல்: நாலு விரல். பனி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மீன் இல்லை, பாடம்தான்.

ஓசூரிலிருந்து அருள்மொழி என்ற பெண் தனியாக வந்திருக்கிறாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலையாம். அடக்கமான கை. தூண்டில் கோலைச் சுழற்றச் சொல்லிக் கொடுத்தால் பெரும்பாலோர் ஈ ஓட்டுவார்கள். இவள் மூன்றாவது வீச்சிலேயே பூச்சியைத் தண்ணீர் நோகாமல் இறக்கினாள். ஒரே குறை, பேச்சு வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாரும் முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள். சொல்வதற்கெல்லாம் "ஆமா, ஆமா" என்று தலையாட்டி வைத்தேன். விருந்தினரிடம் "என்ன, என்ன" என்று கேட்டுக்கொண்டிருந்தால் மரியாதையாக இருக்காது.

நாளை நடுப்பாறை.

மே 25, சனி

இரண்டு முறை நோட்டை மூடி வைத்தேன். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

நாலே முக்காலுக்கு ஆற்றுக்குப் போனோம். கல் நாலு விரல். அதை நானே குனிந்து பார்த்தேன், சத்தியமாக நாலு விரல். பனி இறங்கி அணையே தெரியவில்லை. மின்நிலையம் இருக்கும் திசைகூட மங்கலாக இருந்தது. சங்கு ஊதும் வரை கரையில் நிற்க வேண்டும் என்பதுதான் என் வழக்கம். ஆனால் அவள் மறுநாள் காலையில் ஊருக்குப் போக வேண்டும். சங்கு ஊதினால் இருபது நிமிடம் இருக்கிறதே என்று நினைத்துக் கணுக்கால் தண்ணீரில் கைபிடித்து நடுப்பாறைக்குக் கூட்டிப் போனேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. திடீரென்று மீன்கள் ஏறத் தொடங்கின. சுற்றிலும் தண்ணீர் பொத்துப் பொத்தென்று உடைந்தது. முதல் வீச்சில் ஒன்று, மூன்றாவதில் ஒன்று. இதை இங்கே நேர்மையாக எழுதத்தான் வேண்டும்: முதல் சங்குக்குப் பிறகு வருகிற அதே பைத்தியம்தான் அது. எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறேன். ஆனால் சங்கு ஊதவில்லையே! அதனால் பனிக்குப் பூச்சி இறங்கியிருக்கிறது, நமக்கு யோகம் என்று நினைத்துவிட்டேன். அவள் திரும்பி என்னிடம் ஏதோ சொன்னாள். தலையாட்டினேன். அவள் சிரித்துவிட்டு மறுபடி வீசினாள்.

பிறகு என் முழங்காலில் தண்ணீர் பிடித்தது. குனிந்து பார்க்கும்போதே தொடைக்கு வந்துவிட்டது. அணையின் அடித் தண்ணீர், எலும்பைக் குடைகிற குளிர். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரைக்குத் திரும்பினேன். பாதி தூரம்கூட வரவில்லை. அவள் காலுக்குக் கீழே கல் உருண்டது. என் கையிலிருந்து அவள் விரல்கள் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு போனதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

முப்பதடி தள்ளி இரண்டு பாறைக்கு நடுவில் சிக்கிக்கொண்டாள். ஒரு கை பின்னால் முறுக்கியிருந்தது. மார்பு வரை தண்ணீர், பிறகு கழுத்து வரை. நான் கரையேறி ஓடிப்போய்க் கோலை நீட்டினேன், எட்டவில்லை. கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினேன். யாருக்குக் கேட்கும் என்று யோசிக்கவெல்லாம் இல்லை. ஊதினேன், ஊதினேன். தண்ணீர் அவள் வாய்க்கு வந்தது. அவள் முகத்தை வானத்தைப் பார்த்துத் தூக்கி வைத்துக்கொண்டாள். என் வாயில் ஜெபம்கூட வரவில்லை.

தண்ணீர் நின்றது. பிறகு இறங்கியது. யாரோ மிஷினை நிறுத்திவிட்டார்கள்.

தோள்பட்டை எலும்பும் முன்கையும் உடைந்திருக்கின்றன. உயிர் இருக்கிறது. ஊட்டிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கோவைக்கு அனுப்பிவிட்டார்கள்.

மே 26, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. போலீஸ்காரர் வந்து கேட்டார். உள்ளதைச் சொன்னேன். சங்கு ஊதவே இல்லை. எழுதிக்கொண்டு போனார். புகார்ப் புத்தகத்தில் பதினேழாம் தேதியே நான் எழுதி வைத்திருப்பதையும் சொன்னேன். அதையும் குறித்துக்கொண்டார்.

மே 29, புதன்

போஜராஜை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். இரண்டு குற்றச்சாட்டு. சங்கு ஊதாமல் மிஷினை ஓட்டியது ஒன்று. உத்தரவு இல்லாமல் மிஷினை நிறுத்தியது இன்னொன்று. அன்று எட்டு ஊர் இருட்டிக் கிடந்ததாம்.

நிறுத்தியது அவன்தான். பனிக்குள் என் விசில் கேட்டதாம். யாரையும் கேட்காமல் நிறுத்திவிட்டான்.

ரொட்டிக் கடை வாசலில் எதிரே வந்தான். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"அந்தப் பொண்ணு எப்படியிருக்கு?" என்றான்.

"பரவாயில்லையாம்."

"ஊதினேன் பெனடி. மூணு தடவைக்கு அஞ்சு தடவை ஊதினேன்."

"எனக்குக் கேக்கலையே போஜா. கேக்காததைக் கேட்டேன்னு எப்படிச் சொல்றது?"

அவனுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் என்னை என்னவோ செய்கிறது. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். பதிவேட்டில் ஐந்து முறை ஊதியதாக நேரத்தோடு எழுதியிருக்கிறானாம். அவனே எழுதியது, யார் நம்புவார்கள் என்று கடைக்காரர் சொன்னார். தினம் ஊதுகிற சங்கு, அன்று ஊதியதா என்று அடித்துச் சொல்ல ஊரில் யாரும் இல்லை. இன்னும் இரண்டு வருடத்தில் அவனுக்கு ஓய்வு. குற்றம் நிரூபணமானால் வெறுங்கையோடு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியதுதான். விசாரணை அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி. நான்தான் முக்கிய சாட்சி.

ஜூன் 2, ஞாயிறு

மத்தியானம் ஹாலில் உட்கார்ந்து பூச்சி கட்டிக்கொண்டிருந்தேன். ரோஸ்லின் ஈரத்துணி காயப்போட்டுவிட்டு வந்து அடுப்படிக்குள் ஓடினாள். சோறு கருகிய நாற்றம்.

"நாலு விசில் வந்தா அணைங்கன்னு சொல்லிட்டுத்தானேங்க போனேன்?"

"வரவே இல்லையே."

அவள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "ஒம்பது வந்துச்சு," என்றாள். "மாடியில இருந்து நான் எண்ணிட்டிருந்தேன். நீங்க அணைக்கறீங்களான்னு பாக்கத்தான் வராம இருந்தேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பூச்சிப் பெட்டியைத் தட்டிவிட்டேன். இறகெல்லாம் தரையில் பறந்தது. புருஷனை வேவு பார்க்கிறாளா? ஒரு வேலையில் மூழ்கியிருந்தால் யாருக்கும்தான் காதில் விழாது என்றேன். அவள் குனிந்து இறகுகளைப் பொறுக்கினாள். அழுகிறாள் என்று தோள் குலுங்கியதை வைத்துத்தான் தெரிந்தது.

ஜூன் 6, வியாழன்

கோவைக்குப் போய் அருள்மொழியைப் பார்த்தேன். தோளிலிருந்து விரல்வரை கட்டு. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வெளிச்சம் விழுந்ததால் அவள் பேசுவது எனக்கு நன்றாகப் புரிந்தது. என்மேல் துளிக்கூடக் கோபமில்லை. "நீங்க கூடவே இருந்தீங்கண்ணா, அதான் உயிரோட இருக்கேன்," என்கிறாள். ஆரஞ்சுப் பழப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது கேட்டாள்.

"அண்ணா, எஸ்டேட்ல அந்த நேரத்துக்கு ஷிஃப்ட் முடியுமா?"

"எதுக்கும்மா?"

"அன்னைக்கு ஒரு சங்குச் சத்தம் கேட்டுச்சில்ல? முதல் மீன் மாட்டறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. அப்புறம் மறுபடியும். எங்க ஃபேக்டரியில ஷிஃப்ட் முடியறப்ப ஊதற மாதிரியே இருந்துச்சு. உங்களைத் திரும்பிப் பாத்துக் கேட்டேனே, 'அண்ணா, இது எஸ்டேட் சங்கா, நாம இருக்கலாமா'ன்னு. நீங்க ஆமா ஆமான்னீங்க."

நான் இப்போதும் ஆமா, ஆமா என்றேன். வேறென்ன சொல்வது?

பஸ்ஸில் மேட்டுப்பாளையம் தாண்டும்வரை எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் ஏதோ கேட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவளை யாரும் இன்னும் விசாரிக்கவில்லை. அந்தச் சத்தம் என்னவென்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஜூன் 8, சனி

தண்ணீர்ப் பக்கம் போகவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

கல்: தொடக்கத்தில் இரண்டு விரல். மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது, அணைக்கு வரத்து அதிகம், பகலிலேயே மிஷின் ஓட்டுகிறார்கள்.

கோல் எடுத்துப் போகவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்க் கல்லுக்கு எதிரே குடையோடு உட்கார்ந்தேன். கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மின்நிலையத்து மாடத்தில் யாரும் வரவில்லை. போஜராஜின் இடத்தில் ஈரோட்டுப் பையன் ஒருவன் வந்திருக்கிறான், அவனுக்கு யாருக்கும் கை ஆட்டத் தேவையில்லை.

எதிர்க்கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நிமிர்ந்து அணைப்பக்கம் பார்த்தார்கள். கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்கு நடந்தார்கள். எனக்குத் தண்ணீரின் இரைச்சல்கூட இல்லை. ஏதோ பஞ்சுக்கு அந்தப் பக்கம் ஆறு ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஒரு விரல் ஏறியது. மீன்கள் துள்ளின. பிறகு கோடு மறைந்தது. பிறகு கல்லே மறைந்தது.

இரண்டு வருடமாக எனக்குச் சங்கு கேட்கவில்லை. போஜராஜ் கை ஆட்டுவதைப் பார்த்துவிட்டுச் சங்கு கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பனி, அவன் கை தெரியவில்லை. இவ்வளவுதான் விஷயம். எழுதிவிட்டேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, அதைவிடப் பயமாக இருக்கிறது. காது கேட்காதவனுக்கு வழிகாட்டி அட்டை கிடையாது. ஆறு இல்லாமல் நான் என்ன செய்வேன்? ஐம்பத்தாறு வயதில் எவனுடைய கடைவாசலில் போய் உட்காருவேன்?

ஜூன் 14, வெள்ளி

ரோஸ்லினிடம் சொல்லவில்லை. ஆனால் போஜராஜ் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று கேட்டேன்.

"உனக்கு எப்ப தெரியும்?"

எதைக் கேட்கிறேன் என்று அவன் கேட்கவில்லை. "போன வருஷத்துக்கு முந்தின வருஷம். கிறிஸ்துமஸுக்கு முன்னாடி. நான் ரெண்டு தடவை ஊதியும் நீ பாட்டுக்கு வீசிட்டு நின்ன. வெளிய வந்து கத்தினேன். கையைக் காட்டினப்புறந்தான் அசைஞ்ச."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா ஒத்துக்கிட்டிருப்பியா? புகார்ப் புத்தகத்துல எம்மேலயே எழுதினவன்தானே நீ." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "அன்னைக்கும் மாடத்துக்கு வந்து ஆட்டினேன் பெனடி. பனியில எனக்கே என் கை தெரியலை. அதான் கூட ரெண்டு தடவை ஊதினேன். ஊதி என்ன பிரயோசனம்னு ஊதும்போதே தெரியும். மிஷினை ஓட்ட மாட்டேன்னு நான் அப்பவே போன்ல சொல்லியிருக்கணும். அதை நெனச்சாத்தான் தூக்கம் வரமாட்டேங்குது."

"விசாரணையில இதைச் சொல்லப் போறியா?"

"உன் காதைப் பத்தி நான் எதுக்குப் பேசறது? அது உன் காது."

அவன் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். எனக்கு முகம் கொடுக்கவில்லை. உள்ளே இரண்டு அட்டைப்பெட்டியில் பாத்திரங்களைக் கட்டி வைத்திருந்தார்கள். காபியைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஜூன் 17, திங்கள்

நாளை என்ன சொல்வது என்று காலையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். 'பனி அதிகம், ஆற்று இரைச்சல் அதிகம், சங்கு தெளிவாகக் கேட்கவில்லை.' இதில் பொய் எதுவும் இல்லை. போஜராஜையும் முழுதாக மாட்டிவிடாது, என் அட்டையும் போகாது. யாருக்கும் முழு நஷ்டம் இல்லாத பதில். கண்ணாடி முன் நின்று நாலு முறை சொன்னேன். ரோஸ்லின் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது திரும்பியபோதுதான் தெரிந்தது.

ஜூன் 18, செவ்வாய்

மழை. கல் பார்க்கவில்லை.

மின்நிலையத்து மாடி அறையில் விசாரணை. கோவையிலிருந்து ஒரு பொறியாளர் அம்மா வந்திருந்தார். ஒல்லியானவர், மூக்குக் கண்ணாடி, நிதானமான பேச்சு. அவர் முகத்தில் ஜன்னல் வெளிச்சம் விழுகிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன். உதட்டைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னேன். இரண்டு வருடத்தில் இந்த வித்தையில் நான் தேர்ந்திருக்கிறேன். இத்தனை நாள் எனக்கே தெரியாமல் கற்றிருக்கிறேன். சுவரோரம் போஜராஜ் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தான். தட்டச்சு செய்ய ஒருவர். வேறு யாரும் இல்லை.

பெயர், வயது, எத்தனை வருட அனுபவம் எல்லாம் முடிந்தது.

"சம்பவத்தன்னைக்கு எச்சரிக்கைச் சங்கு ஊதினாங்களா?"

"பனி அதிகமுங்க மேடம். ஆத்து இரைச்சலும் அதிகம். சங்கு தெளிவாக் கேக்கலைங்க."

"தெளிவாக் கேக்கலைன்னா? லேசாக் கேட்டுச்சா, கேக்கவே இல்லையா?"

இந்தக் கேள்விக்கு நான் ஒத்திகை பார்க்கவில்லை. "கேக்கவே இல்லைங்க," என்றேன். "இத்தனை வருஷமா இந்த ஆத்துலயே கிடக்கிறவன். ஊதியிருந்தா எனக்குக் கேக்காமப் போகுங்களா?"

அம்மா பேனாவை எடுத்தார். எழுதவில்லை. எனக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டு காத்திருந்தார். தட்டச்சுக்காரரும் விரலை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தார். என் பதில் சரியில்லையோ என்று நினைத்து மறுபடி சொல்ல வாய் எடுத்தேன்.

அப்போது போஜராஜ் எழுந்தான். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்து எழுந்தவன் மாதிரி இல்லை. நேராக ஜன்னலுக்குப் போய், கண்ணாடியில் படிந்த நீராவியைக் கையால் துடைத்து, கீழே நடுப்பாறையைப் பார்த்தான். அங்கே நான் நிற்கிறேனா என்று பார்த்தான். நான் அவனுக்குப் பின்னால் ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அது அவன் நினைவிலேயே இல்லை. வலது கை தோளுக்குமேல் பாதி வரை வந்துவிட்டது. பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று உணர்ந்து, கையை இறக்கிக்கொண்டு வெட்கப்பட்டு நாற்காலிக்குத் திரும்பினான்.

சங்கு ஊதிக்கொண்டிருக்கிறது. இந்தக் கூரைக்கு மேலேயே ஊதுகிறது. சத்தம் ஓயட்டும் என்று எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள். என்னைத் தவிர.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. சாட்சியும் மரியாதைக்காகக் காத்திருக்கிறான் என்று நினைத்திருப்பார். நான் அப்படியே உட்கார்ந்திருந்தால் போதும். அவர் பேனாவைத் தாளில் வைத்ததும் 'கேக்கவே இல்லைங்க' என்று இன்னொரு முறை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். நான் போஜராஜைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டோமோ என்று அவன்தான் பயந்து போயிருந்தான்.

"மேடம்," என்றேன். "இப்ப சங்கு ஊதுதுங்களா?"

அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"எனக்குக் கேக்கலைங்க. அன்னைக்கும் கேக்கலை. ரெண்டு வருஷமா எனக்கு எதுவும் சரியாக் கேக்கறதில்லைங்க. இவரு ஊதினாரு. அஞ்சு தடவை ஊதினாரு. எங்கூட இருந்த பொண்ணுக்குக் கேட்டிருக்கு. இது என்ன சங்குண்ணா, இருக்கலாமான்னு எங்கிட்டக் கேட்டிருக்கு. அது கேட்டதும் எனக்குக் கேக்காம, நான் தலையை ஆட்டியிருக்கேன். தப்பு என்னுதுங்க. அந்தப் பொண்ணைக் கேட்டுப் பாருங்க, ஓசூர் விலாசம் தர்றேன்."

கழுத்திலிருந்து வழிகாட்டி அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். யாரும் கேட்கவில்லை, ஆனால் அதைப் போட்டுக்கொண்டு இன்னொரு நிமிடம் என்னால் உட்கார முடியவில்லை. அம்மா எல்லாவற்றையும் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். மிஷினை நிறுத்தியதற்கு மட்டும் போஜராஜ் தனியாக விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். 'உயிர் போகிற நிலையில் நிறுத்தினேன்' என்று எழுதச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தால் அதில் பெரிய தொந்தரவு வராது என்றுதான் தோன்றியது.

வெளியே வந்து வராந்தாவில் நின்றோம். மழை கம்பிகளில் வழிந்துகொண்டிருந்தது. கீழே நடுப்பாறைமேல் தண்ணீர் ஏறிவிட்டது. இனி நான் யாரையும் அங்கே கூட்டிப் போகப் போவதில்லை.  அழுதுவிடுவேன் என்று பயந்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் போஜராஜின் தாடை அசைவது ஓரக்கண்ணில் தெரிந்தது. ஏதோ சொல்கிறான். 'ஆமா, ஆமா' என்று என் நாக்கு தானாகக் கிளம்பியது. அதை விழுங்கிவிட்டு அவன் பக்கம் முழுதாகத் திரும்பினேன்.

"போஜா, நீ சொன்னது கேக்கலை. திருப்பிச் சொல்லு."

அவன் என் எதிரே வந்து, என் இரண்டு தோளையும் பிடித்து, முகத்துக்கு நேராக முகம் வைத்து, உள்ளே தட்டச்சுக்காரர் எழுந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினான்.

"டீ குடிக்கலாமான்னு கேட்டேன்டா, செவிட்டுப் பயலே!"

"குடிக்கலாம்," என்றேன்.